புளி போட்டுத் தேய்க்காதீர்கள்: நாணயமும் தபால்தலையும் சேர்க்கத் தொடங்குவோருக்கு

பாட்டியின் காரியம் முடிந்த மறுநாள் அவளுடைய சுருக்குப்பை என் கைக்கு வந்தது. உள்ளே காய்ந்த வெற்றிலைக் காம்பு, எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத ஒரு சாவி, ஐந்து ஓட்டைக் காலணா, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஒரு வெள்ளி ரூபாய். எல்லாம் கறுத்துக் கிடந்தன. அன்று மாலையே குத்துவிளக்குத் தேய்ப்பதுபோலப் புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கிவிட்டேன். அதைப் பெருமையாகச் சேலத்தில் ஒரு நாணயக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு நாணயத்தை என் பக்கம் தள்ளிவைத்து, "இதை யாருங்க தேய்த்தது?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. "இனிமேல் இதற்கு வெள்ளி எடை விலைதான்" என்றார் அவர்.

இது நடந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பாலக்கோட்டில் விதைக்கடை வைத்திருக்கிறேன். கடையில் ஆளில்லாத மதிய நேரத்தில் இந்தப் பொழுதுபோக்கைத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இதைச் சொல்லித்தர அருகில் ஆள் கிடைப்பது கடினம். நான் இழந்த பணத்தையும் கெடுத்த காசுகளையும் நினைத்து, புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசைப்படி செய்யுங்கள். குறிப்பாக முதல் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. முதல் மூன்று மாதம் எதையும் விலைக்கு வாங்காதீர்கள்

ஆரம்பத்தில் எல்லாமே அபூர்வமாகத் தெரியும். ஓட்டைக் காலணாவைப் பார்த்து நான் ஏதோ புதையல் கிடைத்ததுபோல ஆடினேன். 1943 முதல் 1947 வரை அடித்துத் தள்ளிய காசு அது. பழைய வீடு எதிலும் இரண்டு தேறும். பழையது என்பதாலேயே ஒன்று அரியது ஆகிவிடாது என்பது மண்டையில் ஏற மூன்று மாதமாவது ஆகும்.

அதுவரை வீட்டிலேயே தேடுங்கள். பூஜை அறை உண்டியல், அரிசிப் பானையின் அடி, தாத்தாவின் தகரப்பெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகைகள் வந்த உறைகள், வெளிநாட்டிலிருந்து சித்தப்பா எழுதிய கடிதங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கத்தில் கிரானைட் ஏற்றுமதி அலுவலகங்களில் பழைய கோப்புகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போடும்போது கேட்டுப் பாருங்கள். மின்னஞ்சல் வருவதற்கு முந்தைய காலத்து ஜப்பான், இத்தாலி, ஜெர்மனி தபால்தலைகள் அந்த உறைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அப்படி ஒரு சாக்கு நிறையக் கிடைத்தது. கொடுத்தவருக்கு நான் செய்தது இரண்டு பாக்கெட் கத்தரி விதை.

2. எதைச் சேர்க்கப் போகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

"எல்லா நாட்டு நாணயங்களும் தபால்தலைகளும்" என்று எழுதினால் நீங்கள் இரண்டு வருடத்தில் சலித்துப்போய் நிறுத்திவிடுவீர்கள். ஆயுள் முழுக்க இழுத்துக்கொண்டு போவது குறுகிய தலைப்புதான். கையைக் கடிக்காத சில தலைப்புகளைச் சொல்கிறேன்.

பைசா வரிசை: 1957 ஏப்ரல் 1-இல் அணாக் கணக்கு போய்ப் பைசாக் கணக்கு வந்தது. அதிலிருந்து வந்த வடிவங்கள் மட்டும். சதுர அலுமினிய ஒரு பைசா, பூவிளிம்பு இரண்டு பைசா, அறுகோண மூன்று பைசா, சதுர ஐந்து பைசா, பூவிளிம்புப் பத்துப் பைசா, தாமரை போட்ட பித்தளை நிற இருபது பைசா. முதல் சில ஆண்டுக் காசுகளில் 'நயா பைசா' என்று இந்தியில் இருக்கும். மொத்த வரிசையையும் சில நூறு ரூபாயில் முடித்துவிடலாம்.

தமிழ்நாடு தொடர்பான நினைவு நாணயங்கள்: 1995-இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசு, காமராஜர் நூற்றாண்டுக் காசு, தமிழில் கையெழுத்துப் போட்ட அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய், 2010-இல் வந்த சி. சுப்பிரமணியம் ஐந்து ரூபாய், அதே ஆண்டுத் தஞ்சைப் பெரிய கோயில் ஐந்து ரூபாய். இவற்றில் சில இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அண்ணா காசை ஒரு தக்காளி வியாபாரி என்னிடம் மிளகாய் விதைக்குக் கொடுத்தார்.

தபால்தலையில் நம் ஊர்க்காரர்கள்: ராஜாஜி பிறந்தது ஓசூர் அருகே தொரப்பள்ளியில். அவருக்கு 1973-இல் தபால்தலை வந்தது. அதிலிருந்து தொடங்கி 1960-இல் வந்த திருவள்ளுவர், பாரதியார், 1972-இல் வந்த வ.உ.சி., 1976-இல் வந்த காமராஜர் என்று கோத்துக்கொண்டே போகலாம்.

நாணயம், தபால்தலை இரண்டில் எது என்று தயங்கினால் இரண்டையும் தொடங்குங்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தலைப்பு. எட்டாவது படியில் இன்னொரு தலைப்பு சொல்கிறேன். எனக்குப் பிடித்தது அதுதான்.

3. முதல் பணம் சாமானுக்கு

காசு வாங்குவதற்கு முன் காசு வைக்க இடம் வாங்குங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். பேருந்து நிலையம் பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் வழவழப்பான பிளாஸ்டிக் பைகள் உள்ள ஆல்பம் ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் அடுக்கினேன். இரண்டு கோடை போனது. செப்புக் காசுகளின் மேல் பச்சையாக, தொட்டால் பிசுபிசுக்கும் ஒன்று படர்ந்திருந்தது. அந்த பிளாஸ்டிக் பி.வி.சி. அதிலிருந்து கசிகிற அமிலம் செம்பைத் தின்றுவிடும். புதுச் செருப்பு வாசனை அடிக்கிற, வளைத்தால் கொழகொழவென்று இருக்கிற உறை என்றால் அது பி.வி.சி. என்று எடுத்துக்கொண்டு விலகுங்கள்.

நான் இப்போது வைத்திருப்பவையும் தோராயமாக நான் கொடுத்த விலையும்: நடுவில் வட்டக் கண்ணாடித்தாள் வைத்த அட்டை உறை நூறு, 250 ரூபாய். தபால்தலையை ஒட்டாமல் செருகி வைக்கும் கறுப்புப் பக்க ஸ்டாக் புக், 400. முனை தட்டையான தபால்தலை இடுக்கி, 150. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 200. கிராமில் இரண்டு தசமம் காட்டும் சிறிய தராசு, 450. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், மருந்துக்கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஆக, ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. புருவ இடுக்கியைத் தபால்தலைக்குப் பயன்படுத்தாதீர்கள், முனை குத்திவிடும். அட்டை உறையை ஸ்டேப்ளர் போட்டு மூடிய பிறகு பின்னைக் குறடால் நசுக்கித் தட்டையாக்குங்கள். இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும்.

4. சில்லறையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்குச் செலவே இல்லை. கையில் இருக்கும் ஒரு ரூபாயையோ இரண்டு ரூபாயையோ எடுத்து, ஆண்டு எண்ணுக்குக் கீழே லென்ஸை வையுங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை நாணய ஆலை. ஐந்துமுனை நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். உருண்டைப் புள்ளி என்றால் நொய்டா. எதுவுமே இல்லை என்றால் கொல்கத்தா. ஒரே ஆண்டு, ஒரே மதிப்பு, நான்கு ஆலை என்று நான்கு காசுகள் சேர்க்கலாம். உள்நாட்டு ஆலைகளால் அடித்து மாளாமல் வெளிநாட்டிலும் காசு அடித்துக் கொண்டுவந்த காலம் உண்டு. 1985 ஒரு ரூபாயில் ஆண்டுக்குக் கீழே 'எச்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பர்மிங்காமிலிருந்து வந்தது. எனக்கு அது கிடைத்தது ஒரு தேநீர்க் கடையில். மீதிச் சில்லறையாகத் தந்தார்கள்.

பத்து ரூபாய் நாணயத்தைச் செல்லாது என்று நம் பக்கம் வாங்க மறுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதுவரை பதினான்கு வடிவங்களில் வந்தவை எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. மற்றவர்களின் பயம் சேகரிப்பவருக்கு வசதி. என் கடையில் வாங்குகிறேன் என்று தெரிந்ததும் தெருவே கொண்டுவந்து கொட்டியது. பதினான்கில் பன்னிரண்டு வடிவங்கள் ஒரே மாதத்தில் சேர்ந்தன. மீதியை வங்கியில் கட்டிவிட்டேன்.

25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30-உடன் செல்லாதவை ஆகிவிட்டன. 50 பைசா இன்றும் சட்டப்படி செல்லும். கடைக்காரர் வாங்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

5. நாணயத்தை எதனாலும் தேய்க்காதீர்கள்

புளி, எலுமிச்சை, திருநீறு, பற்பசை, பித்தளைப் பாத்திரப் பொடி எதுவும் வேண்டாம். கறுப்பாகவோ பழுப்பாகவோ படிந்திருப்பது அழுக்கு இல்லை, அந்த உலோகத்துக்கு வயது போர்த்திய தோல். அதை உரித்தால் லென்ஸில் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் தெரியும். விவரம் தெரிந்தவர் ஐந்து நொடியில் கண்டுபிடித்துவிடுவார். பூஜை அறையிலிருந்து எடுத்த காசில் குங்குமமும் எண்ணெயும் பிசுக்காக ஒட்டியிருந்தால், காய்ச்சி வடித்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். துடைக்காதீர்கள், ஒற்றுங்கள். அப்படியும் போகாததை அப்படியே விடுங்கள். என் தாமரை இருபது பைசாவில் இன்றும் ஓரத்தில் குங்குமம் இருக்கிறது, எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

விரல் ரேகையும் செம்பில் பதிந்துவிடும். காசை விளிம்பில் பிடியுங்கள். கீழே ஒரு துண்டு விரித்துக்கொண்டு பாருங்கள். சிமெண்டுத் தரையில் விழுந்த ஒரு நல்ல அரையணாவின் விளிம்பு என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

6. தபால்தலையை உறையிலிருந்து எடுப்பது

முதலில், எடுக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். சுதந்திரத்துக்கு முந்தைய கார்டோ கவரோ என்றால் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். ஊர் முத்திரை, தேதி, விலாசம் எல்லாம் சேர்ந்த முழு உறைக்குத்தான் மதிப்பு. மூலையை வெட்டிவிட்டால் மிஞ்சுவது சாதாரணத் தபால்தலை ஒன்றுதான். எங்கள் சொந்தத்தில் ஒருவர் தாத்தாவின் கடிதங்கள் அறுபதின் மூலையையும் ஒரே மாலையில் வெட்டி என்னிடம் அன்பளிப்பாகத் தந்தார். வாங்கிக்கொண்டு சிரித்தேன், வேறென்ன செய்ய?

சாதாரண உறை என்றால் தபால்தலையைச் சுற்றி ஒரு விரல் இடம் விட்டு வெட்டுங்கள். வெள்ளை உறைத் துண்டுகளைத் தனியாகவும் நிற உறைகளைத் தனியாகவும் பிரியுங்கள். நான் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட்டேன். ஒரு கல்யாணப் பத்திரிகையின் சிவப்பு உறை சாயம் விட்டு, பன்னிரண்டு காந்திகளும் ரோஜா நிறமானார்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் தலை மேலே இருக்கும்படி இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். பசை கரைந்து தானாக நழுவும். நழுவாவிட்டால் இன்னும் பத்து நிமிடம். இழுக்கக் கூடாது. பின்பக்கத்தில் மிச்சப் பசையை விரலால் வழித்துவிட்டு, அச்சில்லாத வெள்ளைத் தாளில் கவிழ்த்து உலரவையுங்கள். தினத்தாளில் வைத்தால் மை ஏறும். முக்கால்வாசி உலர்ந்ததும் இரண்டு தாளுக்கு நடுவே வைத்து, கனமான கணக்குப் புத்தகத்தின் கீழ் ஓர் இரவு. காலையில் தட்டையாக எழுந்து வரும்.

2006 டிசம்பரில் வந்த சந்தன மணத் தபால்தலை, அதற்குப் பின் வந்த ரோஜா, மல்லிகை மணத் தலைகள் கிடைத்தால் அவற்றைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பயன்படுத்தாத புதுத் தலையின் பின்பக்கப் பசையும் சேகரிப்பில் ஒரு பகுதிதான். செல்லோடேப், பெவிகால், சோற்றுப் பருக்கை மூன்றையும் ஆல்பம் இருக்கும் அறைக்குள் விடாதீர்கள்.

7. புதிய தபால்தலைக்கு அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்குங்கள்

ஊர் அஞ்சலகக் கவுண்டரில் கிடைப்பவை பெரும்பாலும் மறுபடி மறுபடி அச்சிடும் அன்றாடத் தலைகள். நினைவுத் தலைகள் ஒருமுறைதான் அச்சாகும். அவை நம் ஊருக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி தலைமை அஞ்சலகங்களில் கேட்கும்போது "சேகரிப்புக்கு வேண்டும்" என்று முதலிலேயே சொல்லுங்கள். சொன்னால் முத்திரை படாமல், மடிக்காமல், ஓரத்தோடு கிழித்துத் தருவார்கள். ஆர்.டி. கட்டும் கூட்டம் நிற்கிற பதினைந்தாம் தேதியையும் மாதக் கடைசியையும் தவிர்த்துவிட்டுப் போங்கள். அந்த நாளில் தபால்தலையின் ஓரத்தைப் பற்றிப் பேசினால் பின்னால் நிற்பவர்கள் உங்களைப் பேசிவிடுவார்கள்.

நிலையான வழி, தபால்தலைச் சேகரிப்போர் வைப்புக் கணக்கு. சென்னை அண்ணா சாலை, கோயம்புத்தூர் போன்ற பெரிய தலைமை அஞ்சலகங்களில் உள்ள தபால்தலைச் சேகரிப்பு மையங்கள் இதை நடத்துகின்றன. குறைந்தபட்சம் 200 ரூபாய் கட்டி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். ஒற்றைத் தலையா, நான்கு சேர்ந்த கட்டமா, முழுத்தாளா, வெளியாகும் நாள் முத்திரையோடு தலை ஒட்டிய முதல் நாள் உறையா, விவரக் குறிப்பேடா, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று அதில் குறிப்பிட வேண்டும். அடையாளச் சான்று, முகவரிச் சான்றின் நகல்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புதிய தலை வெளியாகும்போதெல்லாம் கணக்கில் கழித்துக்கொண்டு வீட்டுக்கே அனுப்புவார்கள். எனக்கு வெளியான இரண்டு மூன்று வாரத்தில் உறை வந்துசேர்கிறது.

இதில் மூன்று குழிகள். ஒன்று, ஆசைப்பட்டு எல்லாவற்றிலும் முழுத்தாள் என்று எழுதிவிட்டால் 200 ரூபாய் முதல் மாதமே கரைந்துவிடும். ஒற்றைத் தலை ஒன்று, முதல் நாள் உறை ஒன்று, அது போதும். இரண்டு, இருப்பு தீர்ந்தால் வருவது நின்றுவிடும். என் கவனக்குறைவால் நான்கு மாதம் விட்டுப்போய், அந்தத் தலைகளைப் பிறகு முகமதிப்பைப்போல மூன்று மடங்கு கொடுத்து வாங்கினேன். மூன்று, வீடு மாறினால் முதல் வேலையாக முகவரியை மாற்றுங்கள்.

ஓசூர்க்காரர்களுக்குச் சென்னையை விடப் பெங்களூரு பக்கம். அங்குள்ள பொது அஞ்சலகத்திலும் சேகரிப்பு மையம் உண்டு, காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம்.

வீட்டில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளை இருந்தால் இதையும் கவனியுங்கள். தீனதயாள் ஸ்பர்ஷ் யோஜனா என்று அஞ்சல் துறை ஓர் உதவித்தொகை தருகிறது, ஆண்டுக்கு 6,000 ரூபாய். பள்ளியில் தபால்தலை மன்றம் இருந்து அதில் உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது பிள்ளையின் பெயரில் மேலே சொன்ன வைப்புக் கணக்கு இருக்க வேண்டும். கடைசித் தேர்வில் 60 சதவீத மதிப்பெண் தேவை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஐந்து சதவீதத் தளர்வு உண்டு. முதலில் வினாடி வினா, அடுத்து தபால்தலை பற்றி ஒரு செயல்திட்டம். அறிவிப்பு வந்த பிறகு கணக்குத் தொடங்க ஓடாதீர்கள், முன்பே தொடங்கிவையுங்கள்.

நம் புகைப்படம் போட்டு அச்சிட்டுத் தரும் 'மை ஸ்டாம்ப்' ஒரு தாள் 300 ரூபாய், அதில் ஐந்து ரூபாய்த் தலைகள் பன்னிரண்டு. கல்யாணப் பரிசுக்கு நன்றாக இருக்கும். ஆனால் அதைச் சேகரிப்பாக எண்ணாதீர்கள்.

8. ஊர் முத்திரைகள்

எனக்குப் பிடித்த தலைப்பு என்று சொன்னது இதுதான். இரண்டு மாவட்டத்து அஞ்சலகங்களின் தேதி முத்திரைகள். பாப்பாரப்பட்டி, பென்னாகரம், அரூர், மாரண்டஹள்ளி, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை, இன்னும் பெயர்ப்பலகை மட்டுமே இருக்கிற சின்னக் கிளை அஞ்சலகங்கள். ஒவ்வொன்றிலும் ஐம்பது பைசா அஞ்சலட்டையில் என் முகவரியை நானே எழுதி, முத்திரையைத் தெளிவாகக் குத்தித் தரும்படி கேட்டுப் பெட்டியில் போடுவேன். விதை கொடுக்கப் போகிற வழியில் இது நடந்துவிடும். பேருந்துக் கட்டணத்தைக் கழித்தால் ஓர் ஊருக்கு அரை ரூபாய்தான் செலவு.

நல்ல முத்திரை விழ ஒரு தந்திரம் இருக்கிறது. அட்டைக்கு அடியில் ஒரு ரப்பர் தாளோ பழைய நாளிதழ் மடிப்போ வைத்துக் குத்தச் சொல்லுங்கள். மேசைப் பலகையில் குத்தினால் பாதி வட்டம்தான் விழும். ஒரு கிளை அஞ்சலகத்தில் அஞ்சலக அம்மா முத்திரையில் தேதியே மாற்றவில்லை என்று நான் சுட்டிக்காட்டியதும், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஊசியால் எண்ணை நோண்டி எடுத்து மாற்றிவிட்டுக் குத்தினார். நேற்றைய தேதியில் ஒன்று, இன்றைய தேதியில் ஒன்று என இரண்டு அட்டைகளும் என்னிடம் இருக்கின்றன. இதுவரை எழுபத்து மூன்று ஊர்கள் சேர்ந்திருக்கின்றன.

9. விலைக்கு வாங்கும் நாள் வந்தால்

தராசை எடுத்துக்கொண்டு போங்கள். பிரிட்டிஷ் கால வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். தேய்மானத்தில் சற்றுக் குறையலாம், பத்துக்குக் கீழே வந்தால் வாங்காதீர்கள். காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளி இல்லை. 1939 வரை உள்ளவற்றில் வெள்ளி ஏறக்குறைய 92 சதவீதம், 1940-இலிருந்து பாதிதான். இந்த வித்தியாசம் தெரியாமல் 1944 ரூபாய்க்கு விக்டோரியா ரூபாய் விலை கொடுத்தவன் நான்.

திருவிழாக் கடைகளில் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ போட்டு, பின்னால் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று அடித்த காசு கிடைக்கும். கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை வெளியிட்டதே இல்லை. பூஜைக்கு வைக்க நூறு ரூபாய்க்குள் வாங்கினால் சரி, நாணயம் என்று எண்ணூறு கொடுக்காதீர்கள். இதே காசு அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது, கோடிக்குப் போகும் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து நடங்கள். அது சேகரிப்பு இல்லை, போலீஸ் வழக்கு.

திப்பு காலத்து யானை போட்ட செப்புக் காசு பாரமகால் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட நம் பக்கத்து வீடுகளில் இன்றும் கிடைக்கும். அதற்கும் போலி வந்துவிட்டது. உண்மையானது கையால் அடித்தது, ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. கடைக்காரரிடம் பத்துக் காசுகள் பத்தும் அச்சு அசல் ஒன்றாக இருந்தால் எதையும் எடுக்காதீர்கள். வாங்கும்போது ரசீது கேளுங்கள், ஐம்பது ரூபாய்க் காசாக இருந்தாலும்.

10. தொலைபேசியில் வரும் லட்சங்கள்

வைஷ்ணவி தேவி ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம், 786 எண் நோட்டுக்கு மூன்று லட்சம் என்று வீடியோக்கள் சுற்றுகின்றன. நானும் ஒரு எண்ணுக்குப் படம் அனுப்பினேன். மறுநாள் அழைப்பு வந்தது. "மூன்று லட்சம் தயார், பதிவுக் கட்டணம் 1,850 மட்டும் அனுப்புங்கள்" என்றார் ஒருவர், மரியாதையான தமிழில். அனுப்பினேன். அடுத்து ஜி.எஸ்.டி. என்று 9,000 கேட்டபோதுதான் உறைத்தது. வீட்டில் இதை இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை.

பழைய நோட்டு, நாணயம் வாங்கவும் விற்கவும் தன் பெயரைப் பயன்படுத்திக் கட்டணமோ வரியோ கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. உண்மையில் வாங்குகிறவர் நாணயத்தை நேரில் பார்த்துப் பணம் தருவார், உங்களிடம் பணம் கேட்கமாட்டார். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் போடத் தேவையே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஏமாந்துவிட்டால் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். நான் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் தாமதித்தேன்.

11. சட்டம்: மூன்றே விஷயம்

நிலத்தில் கிடைத்தது: ஏர் ஓட்டும்போதோ கிணறு வெட்டும்போதோ பானையில் காசு கிடைத்தது என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டுவரை சிறை. என் கடைக்கே மண் காயாத காசுகளோடு ஒருவர் வந்தார். கிராம நிர்வாக அலுவலரிடம் போகச் சொன்னேன். கோபித்துக்கொண்டு போனவர் அதன்பின் விதை வாங்கவும் வரவில்லை.

வெளிநாட்டுக்கு அனுப்புவது: நூறு ஆண்டைத் தாண்டிய நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டு நண்பருக்குத் தபாலில் அனுப்பவோ பயணப்பையில் கொண்டுபோகவோ கூடாது.

பழைய 500, 1000 நோட்டு: செல்லாமல் போனவற்றைப் பொதுமக்கள் பத்துவரையும், நாணயவியல் ஆர்வலர்கள் 25 வரையும்தான் வைத்திருக்கலாம். மீறினால் அபராதம் குறைந்தது 10,000 ரூபாய். கட்டாக வைத்திருப்பவர் பெருமையாகக் காட்டினால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

12. மழைக்காலமும் பதிவேடும்

ஐப்பசி, கார்த்திகையில் தபால்தலைப் பசை ஈரம் இழுத்துப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆல்பங்களைப் படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள், புத்தகம்போல நிறுத்திவையுங்கள். மர அலமாரியை விட இரும்பு பீரோவின் நடுத்தட்டு நல்லது, சுவரோரம் வேண்டாம். பாச்சை உருண்டை போடாதீர்கள், சிலிக்கா பொட்டலம் போதும். தை பிறந்ததும் ஒரு வெயில் நாளில் எல்லாவற்றையும் எடுத்து நிழலில் விரித்துக் காற்றுக் காட்டுங்கள். காகிதத்தைத் தின்னும் வெள்ளிநிற இராமபாணப் பூச்சி இருந்தால் அன்று தெரிந்துவிடும்.

பதிவேட்டுக்கு நான் பயன்படுத்துவது கடைக்கு வாங்கும் நீளவாட்டுப் பேரேடு. வரிசை எண், பொருள், ஆண்டு, ஆலைக் குறி, நிலை, எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, என்ன விலை, எந்த உறையில் இருக்கிறது. இத்தனையும் பேனாவில் எழுதுகிறேன். கடைசியில் ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறேன், அதற்குத் தலைப்பு 'யாருக்கு'. வீட்டில் யாருக்கும் இதில் நாட்டமில்லை என்றால் உங்களுக்குப் பிறகு எல்லாம் எடைக்குப் போகும், அதனால் அந்தக் கட்டத்தை இப்போதே பென்சிலில் நிரப்பத் தொடங்குங்கள். என் பேரேட்டில் முதல் வரி பாட்டியின் வெள்ளி ரூபாய். நிலை என்ற இடத்தில் 'தேய்த்தது, நான்' என்று எழுதியிருக்கிறேன்.